கும்பகோணத்தில் விட்டுப்போன ஒரு நம்பர்

மேத்ஸ் அரியர். மூணாவது அட்டெம்ப்ட்டுக்கு இன்னும் ஒன்பதே நாள். "புக்கை மூடு, கும்பகோணம் போலாம் வாடா"ன்னு என்னை தஞ்சாவூர்ல பஸ் ஏத்திட்டான் ரூம்மேட். கணக்குல அவன் புலி. நான் எலி!

சாரங்கபாணி சன்னதி தெரு. தெருக்கோடியில் வானத்தைத் தொடும் கோபுரம். அதைப் பார்த்துக்கிட்டே நடந்தா, வரிசை வீடுகளுக்கு நடுவே ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீடு. கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு பாஸ்! 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி, நினைவு இல்லமா பராமரிக்குது. திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஒரு கட்டில். அவ்வளவுதான்.

இதே ஊர் அரசுக் கல்லூரியில்தான் கணக்கைத் தவிர மத்த பாடங்களில் கோட்டை விட்டு ஸ்காலர்ஷிப்பை இழந்தார் ராமானுஜன். கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்துச்சு. "உனக்குக் கணக்கே வராதேடா!"ன்னு மீதி உயிரை எடுத்தான் நண்பன்.

டிகிரி காபி கடையில் உட்கார்ந்ததும் நோட்டில் ஒரு நம்பர் எழுதினான். 67,46,32,83,88,800. அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

12-ஐ எடுத்துக்குங்க. 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்கள் அதை மீதியில்லாம வகுக்கும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லாரையும் முந்தும் எண்களை 1915-ல் ஆராய்ந்து, 102 எண்களைப் பட்டியல் போட்டார் ராமானுஜன். அதில் கடைசிதான் நண்பன் எழுதிய பூதம். 10,080 எண்கள் அதை வகுக்கும்! இந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்துச்சு.

"ஆனா லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சு"ன்னான் நண்பன்.

"யாருக்கு?"

"ராமானுஜனுக்கு! அது எதுன்னு வேணுமா? கடைசி நம்பரை 23-ஆல் வகு."

பேனாவால வகுத்தேன். நடுவுல ரெண்டு தடவை தப்பு. காபி ஆறிப்போச்சு. மூணாவது தடவை மீதியே இல்லாம வந்தது: 2,93,31,86,25,600. அதை வகுக்கும் எண்கள் 5,040. 10,080-ல் சரிபாதி! 23 ஒரு பகா எண். புதுசா ஒரு பகா எண்ணால பெருக்கினா, வகுக்கும் எண்கள் அப்படியே இரட்டிப்பாகும். விட்டுப்போன எண், பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு!

ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அந்த 102-ஐ யாரும் தூக்கிப் போடலை. திரும்பும்போது, போன பரீட்சையில் எந்த ஸ்டெப்பை விட்டேன்னு முதல் தடவையா யோசிச்சேன். ரெண்டு சிக்குச்சு.

நீங்களும் அந்தப் பக்கம் போனா ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போங்க. 23-ஆல் வகுத்துப் பாருங்க. காபியை மட்டும் முதல்லயே குடிச்சிடுங்க!