மச்சினன் காரும் மூணு சிலிண்டரும்

நாக்பூர் வந்து நாலு வருஷம் ஆச்சு. பேங்க் உத்தியோகத்துல ஊர் மாத்திப் போடறதை எல்லாம் இப்போ யாரும் கஷ்டம்னு சொல்றதில்லை. நாமக்கல்லுக்கும் நாக்பூருக்கும் ஒரே ரோடுதான், என்.எச். 44. வீட்டுலேருந்து கிளம்பி நேரா தெற்கால போனா ஆதிலாபாத், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர், சேலம், அப்புறம் நம்ம ஊர். சுமார் 1,300 கிலோமீட்டர். இந்தப் பதிவு அந்த ரோட்டுல போன ஒரு காரைப் பத்தியும், நான் செஞ்ச ஒரு அல்பத்தனத்தைப் பத்தியும்.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. தங்கமணியோட தம்பி மறைமலைநகர் பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில வேலை பார்த்தான். 2015-ல சொந்தச் சம்பாத்தியத்துல முதல் கார் வாங்கினான். ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ பெட்ரோல். "மச்சான், இது நம்ம ஊர்ல செஞ்ச காருங்க"ன்னு போன்ல சொன்னப்போ அவன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சாங்க. 2022 ஜூலையில கடைசி ஈகோஸ்போர்ட் அந்த ஆலையிலேருந்து வெளிய வந்துச்சு. அதே வருஷம் மச்சினன் ஓமன் கிளம்பினான். காரை விக்க மனசு வரலை. அக்கா பேருக்கு மாத்திக் குடுத்துட்டு, "பத்திரமா பாத்துக்கங்க மச்சான்"னு சாவியை மட்டும் என் கையில குடுத்தான். நாமக்கல் ஆர்.டி.ஓ.வுல என்.ஓ.சி. வாங்கி, இங்க ரோடு டாக்ஸ் கட்டி, டி.என். 28-ஐ எம்.எச். 31-ஆ மாத்தின கதைக்குத் தனிப் பதிவே வேணும். வெளி மாநிலத்துல இருக்கற மக்களுக்குச் சொல்லவே வேண்டாம், எல்லாரும் பட்டிருப்பீங்க!

இப்போ என்ஜினுக்கு வரேன். நான் பி.காம். படிச்சவன், மெக்கானிக்கல் இல்லை. ஆனா லாரி ஊர்ல பொறந்ததால கொஞ்சம் காது கேட்டிருக்கு.

இது 999 சி.சி., மூணே சிலிண்டர். பவர் 125 பி.எஸ்., டார்க் 170 நியூட்டன் மீட்டர். அதே காரோட டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் குடுத்ததே 112 பி.எஸ்., 140 நியூட்டன் மீட்டர்தான். அண்ணனைவிடத் தம்பிக்குத் தெம்பு ஜாஸ்தி. காரணம் டர்போ. வெளிய போற புகையோட வேகத்துல ஒரு குட்டிச் சக்கரம் சுத்தி, காத்தை அமுக்கி என்ஜினுக்குள்ள தள்ளும். அது நிமிஷத்துக்கு 2,48,000 சுத்து வரைக்கும் போகும்னு கம்பெனியே சொல்லுது. என்ஜின் பிளாக்கை ஒரு ஏ4 காகிதத்து மேல நிக்க வச்சுடலாம்னு விளம்பரம் பண்ணினாங்க. நம்ம லோன் அப்ளிகேஷன் ஃபாரம் சைஸ்! 2012, 13, 14-னு மூணு வருஷம் தொடர்ந்து உலகத்தோட சிறந்த என்ஜின் விருது வாங்கினது.

நம்ம நாட்டுல இந்த மாதிரி குட்டி டர்போ என்ஜின் பெருகினதுக்குப் பின்னாடி ஒரு வரிக் கணக்கும் இருக்கு. நாலு மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1,200 சி.சி.க்குள்ள என்ஜின், இது ரெண்டும் இருந்தாத்தான் சின்ன கார்னு குறைஞ்ச வரி. 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி.யை மாத்தினப்பவும் இந்தக் கோடு அப்படியேதான் இருக்கு. அதான் ஹூண்டாய் வென்யூவுல 998 சி.சி. டர்போ, மாருதி ஃப்ரான்க்ஸ்லயும் 998 சி.சி. டர்போ. சின்ன என்ஜின், குறைஞ்ச வரி, பெரிய என்ஜினோட இழுவை. கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தக் கணக்குலயும் ஒரு பற்று இருந்தா ஒரு வரவு இருக்கணும் இல்லையா?

இந்த என்ஜின்ல அது பெல்ட். டைமிங் பெல்ட்டுன்னா சாதாரணமா வெளிய, காய்ஞ்ச இடத்துல ஓடும். இதுல என்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைஞ்சுகிட்டு ஓடுது. உராய்வு கம்மி, சத்தம் கம்மி, மைலேஜ் கூட. ஆயில் பம்ப்பைச் சுத்தறதும் இதே மாதிரி இன்னொரு பெல்ட். ஆயில் சரியா இருக்கற வரைக்கும் பிரச்சனை இல்லை. கெட்டா, ரப்பர் ஊறி, வெடிச்சு, துணுக்குத் துணுக்கா உதிரும். அந்தத் துணுக்கு கீழ ஆயில் உறிஞ்சற சல்லடையில போய் அடைக்கும். ஆயில் பிரஷர் விழும். பிரஷர் போனா டர்போ, பேரிங் எல்லாம் காலி. டைமிங் பெல்ட்டே அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும்.

இது ஏதோ திண்ணைப் பேச்சு இல்லை. 2023 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு லிட்டர் ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் சுமார் 1,40,000-ஐ, ஆயில் பம்ப் பெல்ட்டோட டென்ஷனருக்காகத் திரும்ப அழைச்சாங்க. அந்த ஈகோஸ்போர்ட் எல்லாம் சென்னையிலேருந்து கப்பல் ஏறிப் போனதுதான். அதுக்கு முன்னாடி ஐரோப்பாவுல ஆரம்ப காலக் கார்கள்ல கூலன்ட் குழாய் விட்டுப் போய், சூடேறி ஹெட் கெட்டுப் போன தொல்லையும் இருந்துச்சு. பியூஜோ, சிட்ரோயன்ல வந்த 1.2 ப்யூர்டெக் என்ஜினுக்கும் இதே நனைஞ்ச பெல்ட் தலைவலி. பின்னாடி ஃபோர்டே டைமிங் பெல்ட்டை விட்டுட்டு செயினுக்கு மாறிட்டாங்க. வென்யூ டர்போவும் ஃப்ரான்க்ஸ் டர்போவும் செயின். ஃபோக்ஸ்வேகன் 1.0 டி.எஸ்.ஐ. பெல்ட்தான், ஆனா காய்ஞ்ச பெல்ட். அதனால டர்போன்னாலே பயப்பட வேண்டியதில்லை. வாங்கற என்ஜின்ல பெல்ட்டா செயினா, நனைஞ்சதா காய்ஞ்சதான்னு ஒரு கேள்வி கேட்டுக்கணும், அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு எப்போ தெரிஞ்சுதுங்கறீங்க? எல்லாம் ஆன பிறகு.

சொந்த செலவுல சூனியம் வச்சுக்கிட்ட கதை இதுதான். இந்த என்ஜினுக்கு 5டபிள்யூ-20 ஆயில், அதுவும் கம்பெனி சொன்ன தரத்துல இருக்கணும். விலை கூட. 2023-ல பக்கத்து ஒர்க்‌ஷாப்ல, "விலை கம்மியா எது இருக்கோ அதை ஊத்துப்பா"ன்னு நானேதான் சொன்னேன். அவர் தயங்கினார், நான் விடலை. மிச்சம் 1,900 ரூபாய். அடுத்த தடவை, "கிலோமீட்டரே ஓடலையே"ன்னு ஒண்ணரை வருஷம் தள்ளிப் போட்டேன். அப்பவும் அதே ஆயில், இன்னொரு 1,900 ரூபாய் மிச்சம். கிலோமீட்டர் ஓடாததுதான் வினை. வீட்டுலேருந்து பேங்க் மூணு கிலோமீட்டர். என்ஜின் சூடாகறதுக்குள்ள ஆபீஸ் வந்துடும். சூடாகாத என்ஜின்ல எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா ஆயில்ல இறங்கும். பெட்ரோல் கலந்த ஆயில் ரப்பரை ஊற வைக்கும்.

2025 மே மாசம், நாக்பூர் வெயில் தெரியுமில்ல, ஒரு சிக்னல்ல நிக்கறேன். சிவப்பா ஆயில் லைட் ஒரு தடவை மின்னி அணைஞ்சுது. பக்கத்துல தங்கமணி. நான் ரேடியோவைச் சத்தமா வச்சேன்.

மறுநாள் லீவு போட்டுட்டு, இந்த என்ஜின் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கிட்ட போனேன். ஆயில் சம்ப்பைக் கழட்டினார். சல்லடையில கறுப்புக் கசடும் ரப்பர் துணுக்கும். விரல்ல தொட்டு மோந்து பார்த்துட்டு, "சாப், யே தேல் கிஸ்னே டல்வாயா?"ன்னார். இந்த எண்ணெயை யார் ஊத்தச் சொன்னதுன்னு அர்த்தம். எனக்கு ஹிந்தி நல்லாப் புரியும். அன்னைக்குப் புரியாத மாதிரி நின்னேன்.

"இன்னும் ஆறு மாசம் இப்படி ஓட்டியிருந்தா என்ஜினே போயிருக்கும். இது வண்டி மேல தப்பில்லை, எண்ணெய் செஞ்ச வேலை"ன்னார். பெல்ட் ரெண்டும், டென்ஷனர், போல்ட், சம்ப் சுத்தம், சரியான ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். கிராங்க் புல்லியில சாவி வெட்டே கிடையாது, ஸ்பெஷல் டூல் போட்டுப் பூட்டித்தான் பெல்ட் மாத்தணும், தெரியாதவங்க கையை வச்சா டைமிங் தவறிடும்னும் சொன்னார். வண்டியோட இன்னைய மதிப்பு மூணு லட்சம் இருந்தா அதிகம். மிச்சம் பிடிச்சது 3,800. தினமும் அடுத்தவங்க ரிஸ்கை எடை போட்டுக் கையெழுத்துப் போடற ஆளு நான்!

விட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆனா ஆவணியில மச்சினன் வர்றான், நாமக்கல்ல புது வீட்டுக்குப் பால் காய்ச்சறான். "அக்கா, கார்லயே வந்துருங்க, பாத்து மூணு வருஷம் ஆச்சு"ன்னு சொல்லியிருந்தான். எஃப்.டி.யை உடைச்சேன். வீட்டுல "பத்து வருஷம் ஆச்சுல்ல, பெல்ட் மாத்தியாகணும்"னு சொன்னேன். பொய் இல்லை. பிரிட்டன்ல கம்பெனி சொன்ன கணக்கே பத்து வருஷம் அல்லது 2,40,000 கிலோமீட்டர்தான். ஆனா முழு உண்மையும் இல்லை.

ரெண்டு நாள் ஓட்டி ஊர் போய்ச் சேர்ந்தோம். வண்டி ஒரு முணுமுணுப்பு இல்லாம போச்சு. பால் காய்ச்சி முடிச்ச சாயங்காலம் மச்சினன் பானட்டைத் திறந்து வச்சுகிட்டு அரை மணி நேரம் நின்னான். பக்கத்துல போய், கவர்ல போட்டுக் கொண்டு போயிருந்த பழைய பெல்ட்டை நீட்டி, எல்லாத்தையும் சொன்னேன். பெல்ட்டை விரல்ல மடக்கிப் பார்த்தான். ஓரத்துல வாய் பிளந்துச்சு. கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா மச்சான்?"

"இல்லை மாப்ளே."

"சொல்லிருங்க. வண்டி என்னோடது இல்லைங்க, அவளோடது."

திரும்பி வர்றப்போ கர்னூல் தாண்டி சொன்னேன். தங்கமணி ஜன்னல் பக்கமே பார்த்துகிட்டு, "ஆயில் பில்லை எல்லாம் டேஷ்போர்டுலயேதான வச்சிருக்கீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்களா?"ன்னா. அப்புறம் ஃப்ளாஸ்க்கைத் திறந்து காபி ஊத்திக் குடுத்தா. ஹைதராபாத் வரைக்கும் வேற பேச்சு இல்லை.

2025 அக்டோபர்ல, மறைமலைநகர்ல மறுபடியும் என்ஜின் தயாரிக்கப் போறதா தமிழ்நாடு அரசோட ஃபோர்டு ஒப்பந்தம் போட்ட செய்தியை மச்சினன்தான் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "ஆயில் எப்போ மாத்தணும்னு ஞாபகம் இருக்குங்களா மச்சான்?"

டிஸ்கி: நனைஞ்ச பெல்ட் வண்டி வச்சிருக்கற மக்களுக்கு. கம்பெனி சொன்ன ஆயில் மட்டும்தான், வருஷத்துக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாட்டியும். வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில அரை மணி நேரம் ஓட்டுங்க. கூலன்ட் குறைஞ்சா ஏன் குறையுதுன்னு பாருங்க, பச்சைத் தண்ணி ஊத்தி மறைக்காதீங்க. வேகமா ஓட்டிட்டு வந்தா ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு அணைங்க, டர்போவுக்கு நல்லது. சிவப்பு ஆயில் லைட் மின்னினா வண்டியை ஓரங்கட்டி உடனே அணைங்க. ரேடியோவைச் சத்தமா வைக்காதீங்க.