ஒரு கோடும் ஒரு புள்ளியும்

மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர் கையில் கேமரா எதற்கு என்று நம்மைக் கேட்டோர் பலர். அவர்களுள் சிலர் மார்க்கச் சட்டத்தை மனத்திற் கொண்டு கேட்டனர். பெரும்பாலோர் நம் சம்பளத்தை மனத்திற் கொண்டு கேட்டனர். இரண்டாமவருக்கு விடை சொல்வதுதான் நமக்குக் கடினமாக இருந்தது.

2009ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், மதுரைக் கடை ஒன்றில் அதனை வாங்கினோம். கேனன் பவர்ஷாட் ஏ 480 என்பது பெயர். அவ்வாண்டு வெளிவந்த டிஜிட்டல் கேமராக்களுள் விலை குறைந்த வரிசையைச் சேர்ந்தது. ஆயினும் அப்போதைய நம் ஒரு மாத ஊதியம் ஏறத்தாழ முழுவதும் அதற்கே ஆயிற்று. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. சுவர்க் கடிகாரத்திற்குப் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் இயங்கும். வில்லைக்குப் பின்னே, சுண்டுவிரல் நகத்தினும் சிறிய சில்லு ஒன்று. அதில் ஏறத்தாழ ஒரு கோடி ஒளியுணர் புள்ளிகள். அச்சில்லின் மூலக் கருத்தை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த பாயில், ஸ்மித் இருவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் நாம் கேமரா வாங்கிய அதே 2009இல்தான். 1975இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் செய்த முதற் கருவியிலோ பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் பிடித்தன. பத்தாயிரம் ஒரு கோடியாகி, ஓதிக் கொடுப்பவரின் சட்டைப் பைக்கு வந்து சேர முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு சொல். 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் முதன்முதலாகப் படமெடுத்தவர் முஹம்மது சாதிக் என்னும் எகிப்தியப் படை அதிகாரி. பின்னர் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் என்பது புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதன்று, இருக்கும் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று விளக்கி, அதனை ஆகுமாக்கித் தனி நூலே எழுதினார்கள். அதனை ஏற்காத பெரியோரும் உளர். நம் உஸ்தாதுகளிலும் இருந்தனர். நம் நோக்கமோ எழுத்தைப் படமெடுப்பது. அதில் எவருக்கும் பிணக்கில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'கேமரா' என்ற சொல்லே அரபி மொழியிலிருந்து பிறந்தது என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அன்று. அறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. அதற்கும் முன்னே கிரேக்கம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம், இருட்டறையின் துவாரத்திற்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளிகள் துவாரத்திற் கலந்தும் ஒன்றையொன்று குழப்பாமல் தனித்தனியே மறுபுறம் விழுவதைக் காட்டினார். 'கிதாபுல் மனாளிர்' எழுதியவருக்கு இல்லாத சொற்பிறப்பைச் சூட்டி நாம் பெருமை சேர்க்க வேண்டியதில்லை.

நாம் கேமரா தேடியது அரபுத் தமிழ் ஏடுகளுக்காக. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பெருமக்கள் சட்ட நூல்களையே அவ்வெழுத்தில் வழங்கினர். தமிழ் நெடுங்கணக்கை அறியாத நம் பாட்டிமார் பலர் அவ்வெழுத்தில் தடையின்றி எழுதவும் படிக்கவும் வல்லவர்களாக இருந்தனர். கடிதம், கைவைத்தியம், பிள்ளைகள் பிறந்த நாள், கடன், வரவு யாவும் அதில்தான். அவ்வெழுத்தின் உயிர் புள்ளியில் இருக்கிறது. 'ரே' என்னும் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் அது நம் றகரம். அந்தப் புள்ளி படத்தில் விழாவிட்டால் அறம் அரமாகும். முனாஜாத்தில் வரும் 'இறை' வெறும் 'இரை'யாகும். எண்களிலோ இன்னும் ஆபத்து. ஒன்று என்பது நின்ற கோடு. பூஜ்யம் என்பது ஒரு புள்ளி. கோட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் பத்து, இல்லாவிட்டால் ஒன்று. இந்தக் கடைசிச் செய்தியை நாம் பல்லாண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள். அதன் பாரத்தை அறிந்தது நம் சாச்சியின் வீட்டில்.

கீழக்கரையில் சாச்சியிடம் அவருடைய தாயாரின், அதாவது நம் உம்மம்மாவின், கையேடு ஒன்று இருந்தது. அவர் அதைப் பெட்டியை விட்டு வெளியே விடமாட்டார். வீட்டை விட்டு எப்படி விடுவார்! உம்மம்மாவின் கணவர் ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1942 மார்ச்சில் அந்நகர் ஜப்பானியர் வசமாயிற்று. பணம் வருவது நின்றது. அந்த நாட்களில் உம்மம்மா யாரிடம் என்ன வாங்கினார் என்பதெல்லாம் அந்த ஏட்டில்தான். கண்ணில் புரை விழுந்திருந்த சாச்சிக்கு அதைப் படிக்க இயலவில்லை. 'உம்மா யாருக்கும் கடன் வச்சிருந்தா பார்த்துச் சொல்லு வாப்பா, நான் இருக்கையிலேயே கொடுத்துடணும்' என்பதே அவர் நம்மிடம் ஒப்படைத்த வேலை. அவரையும் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டோம். 'ரூஹு போன பிறகு என் முகம் யாருக்கு வாப்பா' என்று துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். நாமும் வற்புறுத்தவில்லை. பக்கத்தை அழுத்திப் பிடித்த அவர் கட்டைவிரல் மட்டும் சில படங்களில் விழுந்திருக்கிறது.

முதல்முறை சென்றபோது இரண்டு தவறுகள் செய்தோம். இரண்டும் நம்முடையவை, கருவியினுடையவை அல்ல. நினைவட்டையில் எல்லாப் பக்கங்களும் அடங்க வேண்டுமே என்ற சிக்கனத்தால், படத்தின் அளவை மிகச் சிறியதாக வைத்துக்கொண்டோம். அந்த அளவில் படத்தின் நீளம் 640 படப்புள்ளி. பக்கத்தின் நீளமோ ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றே படப்புள்ளி என்று கணக்கிட்டுப் பார்க்க அன்று நமக்குத் தோன்றவில்லை. வாங்கிய பெட்டி ஒரு கோடி புள்ளிகளைக் கொடுக்கக் காத்திருக்க, நாம் மூன்று இலட்சத்தைப் பெற்றுக்கொண்டு திருப்தி அடைந்தோம். பசித்தவன் விருந்துக்குச் சென்று தண்ணீர் மட்டும் குடித்து வந்த கதைதான். இரண்டாவது தவறு, இருண்ட அறையில் பளிச்சிடும் விளக்கை நேருக்கு நேர் அடித்தது. பக்கத்தின் நடுவே வெள்ளம் பாய்ந்தாற்போல் வெளிறிப்போயிற்று. அஸருக்குள் முடித்துவிட்டு வண்டி ஏற வேண்டும் என்ற அவசரம். ஏட்டைக் கண்ணால் ஊன்றிப் படிக்கவும் இல்லை. படம்தான் இருக்கிறதே என்ற நினைப்பு! கேமரா வைத்திருப்பவனுக்கு வரும் முதல் நோய் இது என்று இப்போது அறிவோம்.

வீட்டுக்கு வந்து, கணினித் திரையில் பெரிதாக்கிப் படித்தோம். ஹிஜ்ரி 1361 என்று தலைப்பிட்ட பக்கத்தில், பக்கத்துத் தெரு வீடு ஒன்றின் பெயர், 'தங்கம் பவுன்', பிறகு ஒரு கோடு, அருகே ஒரு கரும்புள்ளி. திருப்பிக் கொடுத்ததாக எங்கும் குறிப்பில்லை. பத்துப் பவுன் என்று சாச்சிக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'பொன்னுக்குப் பொன்தானே கொடுக்கணும்?' என்று கேட்டார். ஆம், எடைக்கு எடை என்றோம். மறுவாரம், தம் வளையல்களையும் சங்கிலியையும் நிறுத்துப் பார்க்க ஆசாரியை வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகச் செய்தி வந்தது.

கடன் கொடுத்த வீட்டாரிடம் காட்டத் தெளிவான படம் ஒன்று வேண்டுமே என்பதற்காகத்தான் மீண்டும் சென்றோம். ஐயம் கொண்டு அல்ல. இடைப்பட்ட நாட்களில் கேமராவின் கையேட்டை, ஒரு கிதாபை ஓதுவது போல் முதலிலிருந்து ஓதி முடித்திருந்தோம். வெளிச்சம் போதாவிட்டால் கருவி தன் உணர்திறனை 1600 வரை உயர்த்திக்கொள்ளும். சிறு சில்லுள்ள எந்தக் கேமராவிலும் அப்போது படம் முழுவதும் மணல் தூவியது போன்ற பொட்டுகள் தோன்றும். பொட்டுகளை அழிக்க முனையும் கருவி, எழுத்தின் புள்ளியையும் சேர்த்து அழித்துவிடக்கூடும். அதனால் உணர்திறனை மிகக் குறைந்த 80இல் நிறுத்தினோம். அப்படி நிறுத்தினால் திறப்பு நேரம் நீளும், கை நடுக்கம் படத்தில் ஏறும். கையளவு முக்காலி ஒன்றில் கேமராவைப் பொருத்தி, இரண்டு வினாடி கழித்துத் தானே எடுக்கும்படி வைத்தோம். பொத்தானை அமுக்கும் விரலின் அதிர்வு அடங்க இரண்டு வினாடி போதும். ஏட்டை ரெஹலில் விரித்து, வடபுறத்து ஜன்னலருகே வைத்தோம். நிழல் விழும் பக்கத்தில் சாச்சியின் பேத்தி வெள்ளைத் துப்பட்டியை விரித்துப் பிடித்து நின்றாள். ஒளி அதில் பட்டு மெல்லத் திரும்பி வந்தது. அளவு இம்முறை முழு அளவு, 3648 படப்புள்ளி நீளம்.

அடுத்த தாளின் எழுத்து மெல்லிய தாள் வழியே தெரிந்து குழப்பியது. அதை மறைக்க வெற்றுத் தாள் ஏதும் உண்டா என்று கேட்டோம். பேத்தி தன் பள்ளிக்கூடப் பையிலிருந்து பச்சை அட்டைத்தாள் ஒன்றை எடுத்துத் தந்தாள். அதைப் பின்னால் செருகிப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினோம். கோடு கறுப்பாகவே நின்றது. அதன் அருகிலிருந்த புள்ளி பச்சையாக இருந்தது.

உடல் சிலிர்த்தது. பூச்சி துளைத்த ஓட்டை! முன்பு அதன் வழியே அடுத்த தாளின் மை தெரிந்திருக்கிறது. நாம் அதைப் பூஜ்யம் என்று ஓதியிருக்கிறோம். முன்னும் பின்னுமுள்ள தாள்களைப் புரட்டினால் அதே இடத்தில் அதே துளை. ஆனால் உடனே ஒரு கேள்வி எழுந்தது. பூச்சி அந்த இடத்தில் இருந்த பூஜ்யத்தையே தின்றிருந்தால்? இப்போது அங்கே மை இல்லை என்பதுதான் பச்சைத் தாள் சொன்ன சாட்சி. எப்போதும் இருந்ததில்லை என்று அது சொல்லவில்லையே! ஒரு மூதாட்டியின் பொறுப்பைப் பாதியளவு சாட்சியத்தைக் கொண்டு இறக்கிவைக்க நமக்குத் துணிவில்லை.

ஆகவே அளந்தோம். முழு அளவுப் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்குப் பதினெட்டுப் படப்புள்ளி விழுகிறது. உம்மம்மா நாணல் கலத்தால், அரிசியைக் கருக வறுத்துக் காய்ச்சிய மையில் எழுதியவர். ஏட்டில் ஐயமற்ற பூஜ்யங்கள் வரும் இடங்களையெல்லாம் பொறுக்கி, கணினியில் கட்டங்களை எண்ணினோம். அவருடைய பூஜ்யம் ஒவ்வொன்றும் 25 முதல் 30 படப்புள்ளி அகலம். துளையோ 15தான். அங்கே பூஜ்யம் இருந்து அதைப் பூச்சி தின்றிருந்தால், துளையைச் சுற்றி மையின் விளிம்பு கறுப்பு வளையமாக எஞ்சியிருக்க வேண்டும். வில்லையைத் தாளுக்கு ஒரு விரற்கடை நெருக்கத்தில் வைத்து, பக்கவாட்டு ஒளியிலும் எடுத்துப் பார்த்தோம். வெறும் பழுப்புத் தாள்; மையின் சாயலே இல்லை. ஒரு பவுன்தான்.

இதனைச் சாச்சியிடம் சொல்லும்போது நமக்கு வெட்கமாக இருந்தது. முன்பு பத்து என்று சொன்ன வாயும் இதே வாய், சொல்ல வைத்த பெட்டியும் இதே பெட்டி. ஆசாரியின் தராசில் ஏற இருந்தது அவருடைய வளையல்கள். 'ஒண்ணுதானா?' என்று கேட்டார். மகிழ்ச்சி தெரியவில்லை. பத்தைக் கொடுப்பதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டவருக்கு ஒன்று என்பது ஏதோ குறை வைப்பது போல் பட்டதோ என்னவோ. படப்புள்ளிக் கணக்கை எப்படி விளக்குவது என்று நாம் தடுமாறிக்கொண்டிருக்க, அவரே சொன்னார்: 'எனக்குப் பலகையில எழுதிக் கொடுக்கையில உம்மா புள்ளியை அழுத்திப் பெரிசாத்தான் வைக்கும். கலம் கீறுற சத்தம் கேக்கும்.' அதற்குமேல் அவர் நம்மை ஒன்றும் கேட்கவில்லை. வளையல்கள் கையிலேயே இருந்தன. பேத்தியின் தகப்பனார் கடைத்தெருவுக்குச் சென்று ஒரு பவுன் நாணயம் வாங்கி வந்தார்.

அந்தக் கேமரா இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஒருமுறை நாம் கீழே போட்டதில் பேட்டரி மூடி தளர்ந்து, ரப்பர் வளையத்தால் கட்டியிருக்கிறோம். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் கூட்டமைப்பு தரும் கணக்கின்படி, 2010இல் 12 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2023இல் 80 இலட்சத்தை எட்டவில்லை. கைப்பேசி அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டது. நம் பிள்ளைகளின் கைப்பேசி இதனினும் நன்றாகப் படமெடுக்கிறது என்பதை மறுக்கமாட்டோம். அண்மையில் மாணவர் ஒருவர் இதை விலைக்குக் கேட்டார். இப்படிப்பட்ட பழைய பெட்டிகளின் நிறத்தை விரும்பித் தேடுவது இளைஞரிடையே பரவியிருக்கிறதாம். கொடுக்கவில்லை.

நாணயத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குச் சென்றபோது கேமராவையும் கொண்டு சென்றோம். அவ்வீட்டுப் பெரியவருக்கு அப்படி ஒரு கடன் கொடுத்த செய்தியே தெரியாது. 'எங்க வாப்பா சொன்னதில்லையே, தெரியாத பொருளை நான் எப்படி வாங்குவது?' என்று தயங்கினார். படத்தைக் காட்டுகிறோம் என்று பொத்தானை அமுக்கினால், பேட்டரி ஓய்ந்துவிட்டிருந்தது. அவர் வீட்டுச் சிறுவன் பெட்டிக்கடைக்கு ஓடி இரண்டு பென்சில் பேட்டரி வாங்கி வந்தான். அவை உயிரோடிருந்த சில நிமிடங்களுக்குள், பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சிறு திரையைக் கண்ணருகே கொண்டுபோய், தம் வீட்டுப் பெயரையும் தங்கத்தையும் பவுனையும் அந்த ஒற்றைக் கோட்டையும் எழுத்தெழுத்தாகக் கூட்டி ஓதினார். பச்சைப் புள்ளி என்ன என்று கேட்டார், சொன்னோம். பிறகு வலக்கையை நீட்டி நாணயத்தை வாங்கிக்கொண்டார்.