குச்சிக்கிழங்கு லாரிக்கு யார் வழி சொல்வது?

“மகன் சொந்தமாக லாரி எடுத்திருக்கிறான். புது ஊர்களில் வழி தப்பி டீசல் வீணாகிறது. நம்பகமான ஜி.பி.எஸ். கருவி எது?” என்று வாழப்பாடி வட்டாரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இது பயிர் பற்றிய கேள்வி இல்லைதான். ஆனாலும் ஒதுக்கிவிட மனம் வரவில்லை. போன மாசியில் அயோத்தியாப்பட்டணம் பக்கம் நான் பார்த்த ஒரு லாரிதான் காரணம்.

சேலத்திலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது அயோத்தியாப்பட்டணம். ராமர் தங்கிய ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோதண்டராமர் கோயிலின் சிற்பத் தூண்களைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் வருவதுண்டு. லாரிக்காரர்களுக்கோ இது சாலை பிரியும் ஊர். நேரே போனால் மின்னாம்பள்ளி, வாழப்பாடி, ஆத்தூர் வழியாக உளுந்தூர்பேட்டை, சென்னை. வடகிழக்கே திரும்பினால் மஞ்சவாடி கணவாய் தாண்டி அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர். அந்தச் சாலையில் குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஒரு மலைப்பாதையும் ஏறுகிறது. தேங்காய், பாக்கு, காய்கறி, குச்சிக்கிழங்கு என்று நம் விளைச்சல் எல்லாம் இந்தப் பிரிவு ரோட்டைத் தாண்டித்தான் போகிறது.

அன்று அரூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காலை 10 மணிக்குள் 2 ஏக்கர் முடிந்துவிட்டது. நாமக்கல் பக்கமிருந்து வர வேண்டிய லாரியை மட்டும் காணோம். போன் போட்டால், “வந்துட்டேன்ணா, மேப்புல 5 நிமிஷம்தான் காட்டுது” என்றார் டிரைவர். அவர் போய் நின்றது அதே பெயருள்ள வேறொரு ஊரில். அங்கிருந்து திரும்பியவருக்குப் போன் ஒரு குறுக்கு வழி காட்டியது. கார் போகிற வண்டிப்பாதை அது. நடுவில் ஒரு குறுகலான பாலம், தலைக்கு மேலே தாழ்வான மின்கம்பி. முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் எடுக்க முடியாமல் லாரி நின்றுவிட்டது. டிராக்டர் கட்டி இழுத்து வெளியே கொண்டுவரும்போது மணி 5. ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். லோடு ஏறியது மறுநாள்.

குச்சிக்கிழங்கு காத்திருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பிடுங்கிய ஓரிரு நாளிலேயே உள்ளே கருநீலக் கோடு ஓட ஆரம்பிக்கும். எடையும் குறையும். சேகோ ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. அன்றைய தாமதத்துக்கு லாரி வாடகையில் யாரும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நஷ்டம் முழுதும் தோட்டக்காரர் தலையில்.

இதில் கருவி கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது 4 கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் போதும். லாரி எங்கே நிற்கிறது என்பதைச் சில மீட்டர் வித்தியாசத்தில் போன் சொல்லிவிடும். தவறியது இரண்டு இடத்தில். ஒன்று, ஊரின் பெயர். புதூர், புதுப்பாளையம் என்று எத்தனை ஊர்கள்! நம் வாழப்பாடி பக்கம் ஒரு பேளூர், கர்நாடகத்திலும் ஒரு பேளூர். இரண்டு, போனிலுள்ள வரைபடம் லாரியைக் காராக நினைத்து வழி சொன்னது.

வாசகர் கேள்விக்கு வருகிறேன். கடையில் ஜி.பி.எஸ். என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று டிராக்கர் பெட்டி. லாரி எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குச் சொல்லும். டிரைவருக்கு வழி சொல்லாது. 2019 ஜனவரி முதல் புதிய பேருந்து, டாக்சிகளில் கட்டாயமாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ்.-140 தரக் கருவி இந்த வகைதான். டிராக்கர் வாங்குவதானால் அந்தத் தர எண் பார்த்து வாங்குங்கள். மற்றது வழிகாட்டி. ஐரோப்பா, அமெரிக்காவில் லாரிக்கென்றே தனி வழிகாட்டி உண்டு. வண்டியின் உயரம், எடை, நீளத்தைப் பதிந்தால் அதற்கேற்ற சாலையைக் காட்டும். ஆனால் பாலத்தின் உயரமும் தாங்கும் எடையும் வரைபடத்தில் ஏறியிருந்தால்தான் அது பயன்படும். நம் கிராமச் சாலைகளுக்கு அந்த விவரம் முழுமையாக இல்லை. அதற்குப் பெரும் பணம் போட வேண்டாம்.

நல்ல செல்போன் ஒன்று போதும். கூடவே இவற்றைப் பாருங்கள்:

• பெரிய லாரிகளின் பேட்டரி 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் சார்ஜரைச் செருகினால் கெட்டுப்போகும். 12-24 வோல்ட் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

• போனுக்கு உறுதியான ஸ்டாண்டு வேண்டும். வெயில் நேராகப் படாத இடத்தில் பொருத்துங்கள். சூடேறினால் போன் தானாக நின்றுவிடும். 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாமல்.

• மலைப்பாதையிலும் கணவாயிலும் டவர் விட்டுப்போகும். கிளம்பும் முன்பே அந்தப் பகுதி வரைபடத்தைப் போனில் இறக்கிவையுங்கள்.

• முதலில் நன்கு தெரிந்த சாலையில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே தடுமாறுகிற கருவியைத் தெரியாத ஊரில் நம்பக் கூடாது.

• “5 நிமிடம் மிச்சம்” என்று குறுக்கு வழி காட்டினால், லோடு லாரியைத் திருப்பும் முன் இறங்கி ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

லாரி வைத்திருக்காத விவசாயிக்கும் இதில் வேலை இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். லாரி திரும்பக்கூடிய இடத்தில் நின்று வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள். ‘லைவ் லொகேஷன்’ வேண்டாம். அது நீங்கள் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வரும், நேரம் முடிந்தால் நின்றுவிடும். இருக்கும் இடத்தை அனுப்புவதே சரி. கூடவே, “அரூர் ரோட்டில் இந்தக் கோயில் தாண்டி இடது பக்கம், அதற்கு முந்தைய ரோட்டில் வர வேண்டாம்” என்று உங்கள் குரலிலேயே பதிந்து அனுப்புங்கள். லாரி மெயின் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு கடைசி வரிசைகளைப் பிடுங்கினாலும் தப்பில்லை. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு கெடாது.

அந்தத் தோட்டக்காரர் அடுத்த லோடுக்கு இப்படித்தான் செய்தார். பிரிவு ரோட்டுக்கு மகனை மோட்டார் சைக்கிளில் அனுப்பி நிற்கவும் வைத்தார். “போன் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டேன். “இருக்குது சார். ஆனா கிழங்கு என்னுது, போனுது இல்லையே” என்றார். லாரி மதியத்துக்குள் லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டது.