கோதுமைப்புல்லும் கொழுந்துக்கூடையும்

புல்லையும் பூண்டையும் மருந்தாகக் கண்ட மரபு தமிழருடையது. ஆயினும் கோதுமைப்புல்லைப் பிழிந்து அருந்தும் வழக்கம் அம்மரபிலே தோன்றியதன்று. 1930களில் அமெரிக்காவில் சார்ள்ஸ் ஷ்னாபெல் என்னும் வேளாண் இரசாயனவியலாளர் இளந்தானியப் புற்களைக் கோழிகளுக்கு உணவாக அளித்து ஆராய்ந்தார். பின்னர், லிதுவேனியாவில் பிறந்து பொஸ்டன் நகரில் வாழ்ந்த ஆன் விக்மோர் அம்மையார் அப்புல்லின் சாற்றைப் பிணி தீர்க்கும் பானமெனப் பரப்பினார். அந்தப் புல் ஒரு நாள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றின் வாசலிலும் முளைத்தது.

அதனை விதைத்தவன் விடுமுறைக்கு வீடு திரும்பிய பல்கலைக்கழக மாணவன். அவனுடைய தாய் கொழுந்து பறிப்பவள். நமுனுகுல மலையை நோக்கிய ஏற்றங்களில் இருபது ஆண்டுகளாகக் கூடை சுமந்தவளுக்கு, அண்மைக்காலமாகப் பீலியிலிருந்து ஒரு குடம் நீர் கொணர்வதற்குள் மூச்சு வாங்கியது. ஈமோகுளோபின் 12 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் 9 கிராமே உள்ளதென்று கிளினிக்கில் கூறி, இரும்புச்சத்துக் குளிசைகளைக் கொடுத்தனுப்பினர். மகனோ கோதுமைப்புற் சாறு 'பச்சை இரத்தம்' என்று எங்கோ படித்திருந்தான்.

பதுளைக் கடையொன்றில் வாங்கிய கோதுமையை ஓரிரவு ஊறவைத்து, மண் பரப்பிய தகரத்தட்டில் நெருக்கமாகத் தூவி, ஈரச்சாக்கினால் மூடிவைத்தான். மூன்றாம் நாள் முளை எழுந்தது.

"என்னா தம்பி, திருவிழா இல்லாத நாள்ல மொளப்பாரி போட்டிருக்கே?" என்று தாய் சிரித்தாள்.

எட்டு, ஒன்பது நாளிற் புல் ஒரு சாண் உயர்ந்தது. அடியோடு அரிந்து, அம்மியில் அரைத்து, துணியிற் பிழிந்து, காலையில் அரைக் குவளை கொடுத்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் குடித்தாள். உடம்பு தெளிவாக இருக்கிறது என்றும் சொன்னாள். மகன் மகிழ்ந்தான்.

மூன்றாம் வாரம் சாமிப்படத்தின் பின்னால் இருந்த தகரப்பேணியிற் குளிசைகள் அத்தனையும் பிரிக்கப்படாமற் கிடந்தன.

"அது வயித்தப் பெரட்டுது தம்பி. அதான் நீ குடுக்கிற சாறு இருக்கே!"

தன் அன்பே அவளது மருந்தை விலக்கிவிட்டதென்பதை அவன் அப்பொழுது உணர்ந்தான். குருதியின் செந்நிறப் பொருளையும் இலையின் பச்சையத்தையும் ஆராய்ந்தமைக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர் ஹான்ஸ் பிஷர். இரண்டும் அமைப்பில் ஒத்தவையே. ஆனால் குருதிப்பொருளின் நடுவே இருப்பது இரும்பு. பச்சையத்தின் நடுவே இருப்பது மகனீசியம். உருவ ஒற்றுமை காரணமாக ஒன்று மற்றொன்றாகிவிடாது. மாதவிடாய்ப் பருவத்துப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும். அரைக் குவளைச் சாற்றிலுள்ளதோ மிகச் சிறிதளவே.

இலங்கையிற் கோதுமை பயிராவதில்லை. அது கப்பலேறி வருகின்றது. 1980 முதல் திருகோணமலை ஆலையில் அரைபட்டு மாவாகின்றது. உமியும் முளையும் நீங்கிய அவ்வெண்மாவே லயத்து அடுப்பில் ரொட்டியாகின்றது. 2022இன் நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோது அந்த ரொட்டியுங்கூடச் சுருங்கிற்று. காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் உண்டு மலையேறுவது தோட்டத்து வழக்கம். உணவிலுள்ள சிறிதளவு இரும்பையும் உடல் ஏற்கவிடாமல் தடுப்பது அந்தச் சாயமே. அவள் நாள்தோறும் கூடை நிறையப் பறிக்கும் கொழுந்துதான் அவளது குருதிக்கு எதிராக நிற்கின்றது. பெருமளவு மாவினாலும் சாயத்தினாலும் நேர்ந்த குறையைச் சிறு தட்டுப் புல் எவ்வாறு ஈடுசெய்யும்?

மறுநாள் இருவரும் கிளினிக்கிற்குச் சென்றனர். குளிசையை இரவுச் சாப்பாட்டின் பின் விழுங்கினால் வயிற்றுப் புரட்டல் குறையுமென்று மருத்துவமாது கூறினாள். தேநீரை உணவோடு அருந்தாது, ஒரு மணி நேரமாவது தள்ளி அருந்தவேண்டும். கீரையோடு தேசிக்காய்ப்புளி சேர்த்தால் அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உடலிற் சேர்க்கும். இவற்றுக்கு அமெரிக்காவிலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. பதுளைத் தெருவிற் காலையில் விற்கும் இலைக்கஞ்சியும், வாய்க்காலோரத்து வல்லாரையும் பொன்னாங்காணியும் அவள் அறியாதவையல்ல. அறிந்தவற்றை ஆக்கி உண்ணும் நேரமே அவளிடம் இல்லை. விடியுமுன் அடுப்பு, பின்னர் பெரட்டு, பின்னர் மலை. நாட்சம்பளம் முழுமையாகக் கிடைக்கத் தோட்டம் கேட்கும் நிறைக்குக் கொழுந்து பறித்தாகவேண்டும்.

எனவே விடுமுறை முடியும்வரை கீரை ஆய்வதும் இரவுச் சமையலும் மகனின் வேலையாயின. அவன் புறப்பட்ட பின்னர் அவ்வேலைகளைத் தந்தை ஏற்றுக்கொண்டார். லயத்தில் அதனைக் கண்டு நகைத்தோரும் இருந்தனர்.

இரண்டு மாதங்களின் பின் தாய் தொலைபேசியிற் பேசினாள்: "பத்தர வந்திருக்காம் தம்பி. குளிசைய நிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னாங்க."

கோதுமைப்புல் வளர்ந்த தகரத்தட்டில் இப்பொழுது வல்லாரை படர்ந்திருக்கின்றது. நல்ல பசுமை எங்கிருந்து வந்தாலும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் களைத்த உடலுக்கு வேண்டிய வலிமையை எந்தச் சாறும் தனித்துத் தந்துவிடுவதில்லை. அதற்கு மருந்து வேண்டும், உணவு வேண்டும். அவ்வுணவை ஆறியிருந்து உண்ணும் பொழுதும் வேண்டும்.