வாரத்திற்கு ஒரு பகுதி



ஆண்டிறுதி ஆராதனை முடிந்ததும் உங்களில் பலர் புத்தாண்டுத் தீர்மானங்களை என்னிடம் சொல்வதுண்டு. ஒருவர் அதிகாலையில் எழுவேன் என்பார். ஒருவர் கடனை அடைப்பேன் என்பார். இவ்வாண்டு நான் எடுத்திருக்கும் தீர்மானத்தைக் கேட்டால் சிலர் சிரிப்பீர்கள். சிலர் முகம் சுளிக்கவும் கூடும். 48 பகுதிகள் கொண்ட ஒரு ஜப்பானிய அனிமே தொடரை, வாரத்திற்கு ஒன்றாக, இந்த ஆண்டுக்குள் பார்த்து முடிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஏன் என்பதைச் சொல்ல, முதலில் என் பழைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் இளைய மகன் பதினொன்றாம் வகுப்பில் படித்த காலம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் அனிமே பார்ப்பான். "பொம்மைப் படம் பார்க்கிற வயதா இது?" என்று நான் கடிந்துகொள்வது வழக்கம். ஓர் இரவு கதவைத் திறந்து உள்ளே சென்றபோது அவன் அழுதுகொண்டிருந்தான். என்ன ஏது என்று நான் விசாரிக்கவில்லை. "இதற்கெல்லாமா அழுவாய்?" என்று சொல்லி மடிக்கணினியை மூடினேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று முதல் தனக்குப் பிடித்த எதைப் பற்றியும் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான் என்பதை நான் உணரச் சில ஆண்டுகள் ஆயின. இப்போது வெளியூரில் வேலை செய்கிறான். தொலைபேசியில் நான் "சாப்பிட்டாயா?" என்பேன். அவன் "சாப்பிட்டேன், அப்பா" என்பான். அதன்பின் தொலைபேசி அவன் தாயின் கைக்குப் போய்விடும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தபோது, உணவு மேசையில் அவனுடைய குறிப்பேடு திறந்து கிடந்தது. 'அடுத்த ஆண்டு பார்க்க வேண்டியவை' என்று தலைப்பு. இதற்குமா பட்டியல் என்று வியந்து கேட்டேன். இந்த முறை என் குரலில் கேலி இல்லை என்பதை அவன் அறிந்துகொண்டிருக்க வேண்டும், விளக்கிச் சொன்னான். அனிமே பார்ப்போர் பலர் ஆண்டின் தொடக்கத்தில் இப்படி இலக்கு வைப்பார்களாம். சிலர் இத்தனை தொடர்கள் என்று எண்ணிக்கை வைப்பார்கள். சிலர் பாதியில் விட்டவற்றை முடிப்பார்கள். சிலர் தாங்கள் பிறப்பதற்கு முன் வந்தவற்றைத் தேடிப் பார்ப்பார்கள். பட்டியலில் முதலில் இருந்த 'ஒன் பீஸ்' 1999இல் தொடங்கி 1,100 பகுதிகளையும் கடந்து இன்னும் ஓடுகிறது. ஒரு பகுதி 24 நிமிடம் என்று கணக்கிட்டேன்: 440 மணி நேரம்! இரவும் பகலும் உறங்காமல் பார்த்தாலும் 18 நாட்கள்.

"எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்த ஆண்டில் எதுவும் மனதில் நிற்கவில்லை, அப்பா. முடிக்க வேண்டும் என்பதற்காக ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன்" என்றான். நான் தலைகுனிந்தேன். ஓராண்டு வேத வாசிப்பு அட்டவணையில் கட்டங்களை நிரப்புவதற்காகவே ஓடிய ஆண்டுகள் எனக்கும் உண்டு.

பிறகு, இத்தனை ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டேன்: "அன்று இரவு எதைப் பார்த்து அழுதாய்?"

சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் படத்தின் பெயரைச் சொன்னான்: 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்'. இசாவோ தகாஹாதா இயக்கி 1988இல் வெளிவந்தது. அன்றிரவே இருவரும் சேர்ந்து பார்த்தோம். 1945இல் கோபே நகரின்மேல் குண்டுமழை பொழிகிறது. தாயை இழந்த அண்ணனும் சிறு தங்கையும் தனித்து விடப்படுகிறார்கள். பசியால் நலிந்த அந்தக் குழந்தை கண்ணாடிக் கற்களை மிட்டாய் என்று எண்ணி வாயிலிட்டுச் சுவைக்கும் காட்சியில் என்னால் தாங்க இயலவில்லை. மூலக்கதையை எழுதிய அகியுகி நோசாகா, போர்க்காலத்தில் தம் தங்கையைப் பசிக்குப் பறிகொடுத்தவர் என்று மகன் சொன்னான். பதினாறு வயதில் என் மகன் இந்தக் குழந்தைகளுக்காக அழுதிருக்கிறான். இரக்கம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் போதித்த நான், என் வீட்டில் அது கண்ணீராய் வந்தபோது மூடி வைத்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கள், அப்பா" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை.

"உன் பட்டியலில் எனக்கும் ஓர் இடம் கொடு" என்றேன். அவன் தேர்ந்தது 'வின்லாண்ட் சாகா'. பதினோராம் நூற்றாண்டின் வைக்கிங்குகளின் கதை. தந்தை கொல்லப்படுவதைக் கண்ணெதிரே கண்ட தோர்ஃபின் என்ற சிறுவன், கொன்றவனின் கூட்டத்தோடே திரிந்து பழிவாங்கும் நாளுக்குக் காத்திருக்கிறான். 2019இல் 24 பகுதிகள், 2023இல் 24 பகுதிகள். "பழிவாங்கும் கதை என்று முதலில் தோன்றும், பொறுத்துப் பாருங்கள்" என்றதோடு நிறுத்திக்கொண்டான். இரத்தம் சிந்தும் காட்சிகள் மிகுந்த தொடர், சிறுவர்களுக்கு உகந்ததன்று. அனிமே எல்லாமே குழந்தைகளுக்கானது என்று எண்ணும் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். ஞாயிறு இரவு, அவரவர் ஊரில், ஒரு பகுதி மட்டும். வேகத்தைக் கூட்டக் கூடாது. பார்த்து முடித்ததும் தொலைபேசியில் பேச வேண்டும். 52 வாரங்களில் 48 போக, நான்கு மிஞ்சும். பரிசுத்த வாரத்தில் விடுமுறை. ஒரு வாரம் 'மை நெய்பர் டோடோரோ'. ஜப்பானில் அந்தச் சோகப் படம் வெளியான அதே நாளில், அதே கிப்லி நிறுவனத்திலிருந்து வந்த படம். அதிலும் இரண்டு குழந்தைகள்தாம். ஆனால் அழ வேண்டியிராது என்று மகன் உறுதி கூறியிருக்கிறான். மீதி இரண்டு வாரங்கள் எங்கள் தவறுதல்களுக்கு.

கடந்த ஞாயிறு முதல் பகுதியைப் பார்த்தோம். 24 நிமிடங்கள். அதன்பின் 40 நிமிடங்கள் பேசினோம். சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் சாத்தப்பட்ட கதவு ஒன்று இருக்கலாம். இவ்வாரம் அதை மெல்லத் தட்டி, "என்ன பார்க்கிறாய்? நானும் உட்காரலாமா?" என்று கேளுங்கள். உடனே இடம் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகாதீர்கள். எனக்கு எட்டு ஆண்டுகள் ஆயின.

புத்தாண்டு வாழ்த்துகள்.