மருந்தடிக்காத வேலி

பல்லேகமவில் என் பக்கத்துக் காணிக்காரரின் கிடாரிக்கன்று செத்ததற்கு நான்தான் காரணம். ஊருக்கு இது தெரியாது. கீழ்த்தோட்டத்துக்காரர் வாய்க்கால் ஓரமாக அடித்த களைக்கொல்லிதான் கன்றைக் கொன்றது என்று எல்லாரும் நம்புகிறார்கள். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர என்று நக்கிள்ஸ் மலையைத் தாண்டி இறங்கினால் பல்லேகம. மேலே குளிரில் சால்வை தேடிய ஆள் கீழே வந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றுவான். ஐப்பசியிலிருந்து தை வரை மழை கொட்டும். ஆடி ஆவணியில் நிலம் வெடித்துக் கிடக்கும். பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக எழும்பிப் போக வேண்டிவந்தது. பக்கத்துக் காணிக்காரரின் பழைய வீடும் வயலும் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கின்றன. எனக்கு அப்படி எந்த இழப்பும் இல்லை. மாத்தளையில் படிப்பித்து ஓய்வுபெற்ற காசில், மா, தேசி, கிளிசரியாவில் ஏறிய கொஞ்சம் மிளகு என்று ஒரு சின்னத் தோட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். கிழக்கு எல்லையில் ஏற்கெனவே ஒரு வேலி இருந்தது. யாரும் நட்ட வேலியல்ல. தானாக வளர்ந்து ஆள் உயரத்துக்குப் பின்னிக்கொண்ட நாயுண்ணி. உண்ணிச்செடி என்றும் சொல்வோம், சிங்களத்தில் கந்தபான.

இரசாயனம் என் மண்ணில் படக்கூடாது என்பது நான் வரும்போதே கொண்டுவந்த கொள்கை. 2015இல் அரசாங்கம் கிளைபோசேட்டைத் தடைசெய்தபோது கைதட்டினேன். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தபோது கோபப்பட்டேன். 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் நிறுத்தி, நவம்பரில் அதே வேகத்தில் பின்வாங்கினார்களே, அந்த மாதங்களில் என்னைச் சுற்றியிருந்தவர்கள் மஞ்சளாய்ப் போன நெல்லைப் பார்த்துத் தலையில் கைவைத்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் பொறுமை போதித்தேன். மாதம் பிறந்தால் எனக்கு ஓய்வூதியம் வந்துவிடும். அவர்களுக்கு வருவதற்கு நெல் மட்டும்தான் இருந்தது. இந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

2022இல் கிளைபோசேட் தடை நீங்கிய பிறகு ஒருநாள் பக்கத்துக் காணிக்காரர் வந்தார். என்னைவிட இளையவர், நான் அவரை மல்லி என்பேன், அவர் என்னை சேர் என்பார். பேச்செல்லாம் சிங்களத்தில். நாயுண்ணிப் புதருக்குள் காட்டுப்பன்றி பகலெல்லாம் படுத்திருந்து இரவில் அவருடைய சோளத்துக்குள் இறங்குகிறதாம். பறவைகள் பழத்தைத் தின்று அவர் காணி முழுக்க விதைக்கின்றனவாம். “சேர், உங்கட பக்கம் படாம, வேலிக்கு மட்டும் ஒருமுறை மருந்து அடிச்சுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். அனுமதி கேட்டு வந்த மனிதனுக்கு நான் பாடம் எடுத்தேன். மண்புழு, கிணற்றுத்தண்ணீர், வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் என்று அடுக்கினேன். அந்த நோய்க்குக் காரணம் என்ன என்று ஆய்வாளர்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை. தீர்ந்த விஷயம் போல அடித்துச் சொன்னேன். கடைசியில், “மருந்து வேண்டாம் மல்லி, நானே கையால தோண்டி எடுத்துத் தாறன்” என்றேன்.

அவர் நம்பிப் போனார். நான் தோண்டவில்லை.

எப்படித் தோண்டுவது என்று தெரியாதவன் என்றால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். மாத்தளையில் ஒரு பயிற்சி வகுப்பில் படம் போட்டு விளக்கியே இருக்கிறேன். டில்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் கூட்டாளிகளும் கோர்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து பார்த்து 2009இல் எழுதிய முறை அது. நாயுண்ணியை நிலத்துக்கு மேலே வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து கொத்தாகத் தளிர்க்கும். எரித்தாலும் அப்படித்தான், கூடவே வெளிச்சம் கண்ட விதைகளும் முளைத்துக்கொண்டு வரும். தண்டும் வேரும் சேரும் இடம் மண்ணுக்குள் இருக்கிறது, உயிர் அங்கேதான். ஆகவே மண் மட்டத்துக்கு 3 முதல் 5 சென்ரிமீற்றர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை முழுதாகத் தூக்கி, வேர் மேலே பார்க்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண் தொடாத வேர் காய்ந்து சாகும். ஆட்களை வைத்துப் புதர் முழுவதையும் கிண்டினால் மண் புரண்டு விதை முளைக்கும். இந்த முறையில் மண் அவ்வளவாக அசையாது. ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. பறவைகள் வந்து உட்காரும் மரங்களுக்குக் கீழே நாற்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும்; அடுத்தடுத்த மழைக்காலங்களில் அவற்றைப் பிடுங்க வேண்டும். வெறுமையான இடத்தில் உடனே வேறு செடியைக் கொண்டுவர வேண்டும். மருந்து கேட்காத முறை. முதுகைக் கேட்கிற முறை.

இவ்வளவையும் வகுப்பில் சொன்னவன், தன் வேலிக்கு என்ன செய்தான்? ஆள் வைத்துக் கத்தியால் முழங்கால் உயரத்தில் வெட்டுவித்தான். சில நாட்களுக்குப் பார்க்க அழகாக இருக்கும். மழை பெய்ததும் ஒரு தண்டு வெட்டிய இடத்தில் பல தண்டுகள் எழும். வெட்ட வெட்ட வேலி அடர்ந்தது. அதைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. முள்ளும் அடர்த்தியும் சேர்ந்த காசில்லாத வேலி அல்லவா.

சாட்டுகளும் நிறைய வைத்திருந்தேன். படித்தவனுக்கு சாட்டுக் கிடைப்பது லேசு. வண்ணத்துப்பூச்சி வருகிறது என்பது ஒன்று. 1826இல் பேராதனைப் பூங்கா வழியாக அழகுச்செடியாக இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு நூற்றாண்டாய் உடவளவைக் காடு வரை பரவிவிட்ட செடியை நான் ஒருவன் எதிர்த்து என்ன ஆகப்போகிறது என்பது இன்னொன்று. எனக்குப் பிடித்த சாட்டு பூச்சி. 1860களில் இலங்கைக்கு ஒருவகைச் செதிற்பூச்சியை இந்தியாவிலிருந்து கொண்டுவந்து விட்டு ஒரு சப்பாத்திக்கள்ளியை அடக்கினார்கள். 1902இல் ஹவாய்க்காரர்கள் மெக்சிக்கோவிலிருந்து பூச்சிகளை வரவழைத்து இதே நாயுண்ணியின் மேல் விட்டார்கள். இயற்கைக்கு இயற்கையே மருந்து என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். அவுஸ்திரேலியாவில் நூறு வருஷத்துக்கு மேல் பலவகைப் பூச்சிகளை விட்டுப் பார்த்தும் நாயுண்ணி இன்னும் அங்கே ஒரு பெரும் களைதான் என்பதையும் படித்திருந்தேன். அந்தப் பாதியை மட்டும் சொல்லமாட்டேன்.

கன்றின் கதைக்கு வருகிறேன். கடும் வெயில்காலம். பசும்புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மல்லி வேறொரு ஊரிலிருந்து ஒரு கிடாரிக்கன்றை வாங்கி வந்திருந்தார். இளம் சிவப்பு, மூக்கும் வயிற்றுப் பக்கமும் வெள்ளை. உள்ளூர் மாடுகள் நாயுண்ணியை முகர்ந்துவிட்டு விலகிப் போய்விடும். செடியைப் பழகாத கன்று, பசி நேரத்தில், பச்சையாக வேறொன்றும் கண்ணில் படாத இடத்தில் அப்படி விலகாது. அதை என் வேலி ஓரமாகக் கட்டியிருந்தார்கள். வெட்டிய அடியிலிருந்து வந்த இளந்தளிர், கழுத்தை நீட்டினால் எட்டும் உயரத்தில் இருந்தது. அந்த உயரம் நான் வெட்டுவித்த உயரம்.

நாயுண்ணி இலையில் இலன்ரடீன் என்றொரு நஞ்சு உண்டு. அது ஈரலைத் தாக்கி பித்தம் இறங்குவதை மறிக்கும். மாடு தின்னும் பச்சையிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் வழக்கமாகப் பித்தத்தோடு வெளியே போய்விடும். வழி அடைபட்டால் இரத்தத்தில் தங்கி, தோலை வெயில் தாங்கமுடியாததாக்கும். வெள்ளைத் தோல்தான் முதலில் வெந்து வெடிக்கும். கண் மஞ்சளிக்கும், இரை எடுக்காது, சாணி இறுகும். அசைபோடும் வயிறு ஓய்ந்துவிடுவதால் தின்ற இலை உள்ளேயே கிடந்து மேலும் மேலும் நஞ்சை விடும். இருட்டான நிழலில் கட்டி, மிருக வைத்தியரைக் கொண்டு வயிற்றுக்குள் நிறைய மருத்துவக் கரித்தூளைக் கரைத்துச் செலுத்தினால் பிழைக்க இடமுண்டு. நாள் போகப் போக அந்த இடம் குறையும்.

அந்தக் கன்றின் மூக்கு உரிந்து தொங்கியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பார்த்த அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. மல்லி, “என்ன நோய் சேர் இது?” என்று கேட்டார். “வெயிலில கட்டாதீங்க, டொக்டரைக் கூப்பிடுங்க” என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வேலியைப் பற்றி வரும். தோண்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். வைத்தியர் வருவதற்குக் காத்திருந்தபோது கன்று செத்தது. காரணத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் காத்திருந்திருக்க மாட்டார், வாகனம் பிடித்து ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பிழைத்திருக்குமோ என்னவோ. ஆனால் அவர் முயன்றிருப்பார்.

கீழ்த்தோட்டத்துக்காரர் அதற்குக் கொஞ்சம் முன்னால் வாய்க்கால் ஓரத்துக்கு மருந்து அடித்திருந்தார். புல் கருகியிருந்தது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. ஊர் உடனே கணக்குப் போட்டுவிட்டது. இரண்டு வீட்டுக்கும் வாய்த்தர்க்கம் வந்து, கைகலப்பு வரை போய், யாரோ விலக்கிவிட்டார்கள். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து மாற்றிவிடுவதற்குக்கூட மூன்றாம் ஆள் வேண்டியிருக்கிறது. கிளைபோசேட் பட்ட புல்லைத் தின்ற மாட்டுக்குக் கண் மஞ்சளித்து, வெள்ளைத் தோல் மட்டும் வெயிலில் வெடிக்காது. அது எனக்குத் தெரியும். சண்டை நடந்தபோது நான் திண்ணையில் இருந்தேன்.

மேலும் ஒன்று செய்தேன் என்றேனே, அது இதுதான். சில மாதம் கழித்து, இயற்கை விவசாயம் பற்றிய ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். களைக்கொல்லியின் தீமைக்கு உதாரணம் சொல்ல வேண்டிய இடம் வந்தது. “எங்கள் ஊரிலேயே ஒரு கன்று...” என்று ஆரம்பித்துவிட்டேன். வாய் தானாகப் போயிற்று என்று சொல்ல ஆசைதான், பொய். மூக்கு உரிந்ததை வர்ணித்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். பேசி முடிந்ததும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்த மழையில்தான் அலவாங்கையும் மம்பட்டியையும் எடுத்தேன். மண் நனைந்திருக்கும்போது சுற்றிக் கொஞ்சம் கிளறிவிட்டால் ஆணிவேர் தெரியும். வயதான புதரில் அது மணிக்கட்டுத் தடிப்பு. கைக்குத் தடித்த உறை இல்லாவிட்டால் முள் கீறிய இடமெல்லாம் எரியும். காயோடு இருக்கும் கொப்பை முதலில் நறுக்கிச் சாக்கில் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கவிழ்த்த இடத்திலேயே விதை கொட்டும். வேலி முழுவதையும் ஒரே தடவையில் எடுக்கப் போய் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்: வெறுமையான துண்டில் நாயுண்ணிக்குப் பதிலாகக் கினிப்புல் வந்து நின்றது, அதைப் பிடுங்குவது இன்னொரு பாடு. இப்போது கொஞ்சம் எடுத்ததும் அந்த இடத்தில் கிளிசரியாக் கம்பை நெருக்கமாக ஊன்றி, அடியில் வற்றாளைக் கொடியைப் பரத்திவிடுகிறேன். கிளிசரியா நிழல் கட்டிய இடத்தில் நாயுண்ணி நாற்று மெலிந்துதான் வருகிறது. வெட்டிப்போடும் இலை மிளகுக்கு உரமாகிறது. பாதி வேலி இன்னும் பாக்கி. நாரிப்பிடிப்பு வந்தால் வாரக்கணக்கில் வேலை நிற்கும். கூலிக்கு ஆள் வைக்கலாம். இந்த வேலைக்கு மட்டும் வைப்பதில்லை.

நான் தோண்டுவதைப் பார்த்து மல்லி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிளேன்ரீயும் கருப்பட்டித் துண்டும் நீட்டுகிறார். “சொன்னமாதிரியே செய்றீங்க சேர்” என்றார் ஒருநாள். வாங்கிக் குடித்தேன்.

கன்றின் விலையை விசாரித்து அந்தத் தொகையை ஒரு உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். எதற்கென்று சொல்லிக் கொடுப்பது? கீழ்த்தோட்டத்துக்காரருக்கு எந்த உறையில் எதைப் போடுவது? அன்று கூட்டத்தில் கைதட்டியவர்களை எங்கே போய்த் தேடுவது? இதை இப்போது தமிழில் எழுதுகிறேன். அந்த இருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எழுத ஆரம்பித்தபோதே எனக்குத் தெரியும். பாடம் எடுக்க வேண்டிய நேரத்தில் மட்டும் என் சிங்களம் தங்குதடையில்லாமல் வந்தது.

சிங்களம் நன்றாக எழுதும் மகளிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு பேருக்கும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “கடிதமெல்லாம் வேண்டாம் அப்பா. ரெண்டு பேரையும் ஒண்டா கூப்பிட்டு, வாயால சொல்லுங்க” என்றாள். போயா தினத்தில் இருவரும் வீட்டில்தான் இருப்பார்கள். போன போயாவும் போய்விட்டது.