திராய்மடுவில் மூன்று நாட்கள்

கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் இரவுப் புகையிரதத்தில் ஜன்னலோர ஆசனம் கிடைத்துவிட்டால் எனக்குப் பாதிக் களைப்புத் தீர்ந்துவிடும். 2024 ஓகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு அப்படித்தான் புறப்பட்டேன். மடியில் பழைய மடிக்கணனி, கைப்பையில் மூன்று பென் டிரைவ்கள். மாகோவில் பாதை கிழக்கே திரும்பியது. கல்லோயாச் சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்து சென்றது. விடியும் வேளையில் வாழைச்சேனையும் ஏறாவூரும் கடந்து போயின. மட்டக்களப்பில் இறங்கியபோது காலையிலேயே கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது.

நான் போக வேண்டிய இடம் திராய்மடு. நகரிலிருந்து முச்சக்கரவண்டியில் சிறிது தூரம்தான். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் எழுந்தபோது, வாவிக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய மணல் திட்டாகக் கிடக்கும் நாவலடி பெரும் அழிவைச் சந்தித்தது. அங்கிருந்து தப்பியவர்கள் பலர் இங்குதான் குடியேற்றப்பட்டார்கள். வரிசையாக ஒரே அளவில் கட்டப்பட்ட வீடுகள், இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம் பெற்றுவிட்டன. ஒன்றில் முன்விறாந்தை, ஒன்றில் சிறுகடை, இன்னொன்றில் முருங்கையும் கறிவேப்பிலையும்.

அங்குள்ள மகளிர் சங்கமொன்றுக்கு யாரோ கொடுத்த நான்கு பழைய கணனிகள் இருந்தன. இரண்டு ஆண்டுகளாகத் துணியால் மூடப்பட்டே கிடந்தன. அவற்றை உயிர்ப்பிக்கவே என்னை அழைத்திருந்தார்கள்.

நான் சமூகவியல் படித்தவள். கணனி எனது பாடமன்று. முதல் வேலையில் சேர்ந்த அலுவலகத்தில், விலை கொடுக்காமல் எங்கோ பிரதி பண்ணிய மென்பொருளையே எல்லோரும் பாவித்தோம். ஒருநாள் வைரஸ் புகுந்து, வீடு வீடாக ஏறி இறங்கி மூன்று மாதம் சேகரித்த தகவல்கள் அனைத்தும் அழிந்தன. களவாகப் பெற்ற பொருளுக்கு யாரிடம் முறையிடுவது? அப்போது அலுவலகத்துத் தம்பி ஒருவர் உபுண்டு என்ற இயங்குதளத்தை ஒரு தட்டில் போட்டுத் தந்தார். "அக்கா, இதைப் பிரதி எடுத்தால் களவில்லை. பிரதி எடுக்கச் சொல்லித்தான் தருகிறார்கள்" என்றார். அன்று தொடங்கிய பைத்தியம் இன்றும் தீரவில்லை. சக ஊழியர்கள் என்னை 'லினக்ஸ் அக்கா' என்று கேலி செய்வார்கள். பிரிண்டர் மறுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் நாள் தூசு தட்டுவதிலேயே போனது. நான்கில் ஒன்று எழும்பவே இல்லை. அதன் நினைவகத்தைக் கழற்றி மற்றொன்றில் பூட்டினோம். எஞ்சிய மூன்றிலும் குறைந்த வலுவுள்ள கணனிகளுக்கு ஏற்ற லினக்ஸை நிறுவி, லிப்ரே ஆபிஸைத் தமிழில் அமைத்தேன். அரசாங்க அலுவலகங்களில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதிலேயே இருந்தது. திரையில் 'கோப்பு' என்ற சொல்லைக் கண்டதும் ஒரு தங்கச்சி சிரித்தார். "இது பிரதேச செயலகத்தில கேட்கிற சொல்லெல்லோ! இதுக்குள்ளயும் கிடக்கா?"

இரவு வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்தபோது, வயதில் மூத்த ஓர் அக்கா கேட்டார். நாவலடியில் வாழ்ந்தவர். அன்றைய தினம் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். "சும்மா தாறவனுக்கு என்ன லாபம், பிள்ள? எங்களுக்கு இப்ப சும்மா எண்டாலே பயம்."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. நிவாரணமாக வந்தவர்கள் போன பின்னர், கடன் தருவதாக வந்தவர்கள் பலர். நுண்கடன் சுமை நாட்டில் எவ்வளவு பெருகியதென்றால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின்லாந்து மாணவர் ஒருவர் 1991 இல் தொடங்கிய வேலை இது. இன்று இதில் உழைப்பவர்கள் பலருக்குப் பெரிய கம்பனிகள் சம்பளம் கொடுக்கின்றன, ஏனெனில் அவர்களுக்கும் இது தேவை. தமக்கு வேண்டியதைத் திருத்துகிறார்கள். திருத்தியது எல்லோருக்கும் பயன்படுகிறது. எழுதப்பட்ட நிரலை எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

"அப்ப சிரமதானம் மாதிரி" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. கிணற்றைத் திருத்தி ஊருக்குக் கொடுப்பவர் அதற்குப் பூட்டுப் போட ஏலாது."

அவர்களுக்குத் தெரியாத இன்னொரு கதையையும் சொன்னேன். 30,000 இற்கும் மேற்பட்டோரை நாம் இழந்த அந்த நாட்களில், கொழும்பில் கணனித் துறையினர் பலர் தொண்டர்களாக ஒன்றுகூடினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைப் பதிந்து தேடுவதற்கு ஒரு மென்பொருளை சில வாரங்களுக்குள் எழுதினார்கள். அதற்கு 'சஹானா' என்று பெயர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் சொல். அதைப் பூட்டி வைக்காமல் திறந்தே விட்டார்கள். 2005 இல் பாகிஸ்தானிலும் 2006 இல் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் அனர்த்தம் நேர்ந்தபோது அது அங்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

அக்கா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட அழுகையில இருந்து வந்தது வேற ஊருக்கு உதவினது நல்லம்" என்றார்.

மறுநாள் அவர் தமது கடன் அட்டையைக் கொண்டுவந்தார். 50,000 ரூபாக் கடன், வாரம் 1,200 ரூபா வீதம் 52 வாரங்கள். மொத்தம் 62,400 ரூபா. "நூற்றுக்கு 25 கூட இல்லை எண்டு சொன்னவங்க" என்றார். பெருக்கிப் பார்த்தால் 24.8 தான் வருகிறது. ஆனால், அந்த 50,000 ரூபாவும் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருக்கவில்லையே! முதல் வாரத்திலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறார். சராசரியாகப் பார்த்தால் ஏறத்தாழ பாதித் தொகைதான் அவரிடம் இருந்தது. வட்டியோ முழுத் தொகைக்கும் அறவிடப்படுகிறது. வட்டிவீதத்தைக் காணும் கட்டளையில் மூன்று எண்களையும் இட்டபோது திரை காட்டிய வாராந்த வீதம் 0.87. ஆண்டுக்கு நூற்றுக்கு 45 அளவில் வந்தது.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. பின்னர் ஒவ்வொருவராக அட்டைகளை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார்கள்.

இந்தக் கணக்கை விலைக்கு வாங்கும் மென்பொருளிலும் போடலாம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், விலையும் புதிய இயந்திரமும் தேவைப்பட்டதால்தான் அந்தக் கணனிகள் துணியின் கீழ் கிடந்தன. அதைவிட வேறொன்றும் எனக்கு அன்று விளங்கியது. திறந்த மூலம் என்று நான் இத்தனை காலம் பேசி வந்தது இலவசத்தைப் பற்றியல்ல, உள்ளே பார்க்கும் உரிமையைப் பற்றி. அந்த அட்டையும் மூடிய பெட்டிதான். வெளியில் தெரிந்தது வாரத் தவணை மட்டும். எமது பெண்களிடம் எத்தனை பத்திரங்கள், எத்தனை படிவங்கள் இப்படி மூடியபடியே கையொப்பத்துக்கு நீட்டப்படுகின்றன!

மூன்றாம் நாள் எனது பெருமையை ஒரு சிறிய பிரிண்டர் அடக்கியது. லினக்ஸுக்கு அது இணங்கவே இல்லை. அரை நாள் வீணாயிற்று. இறுதியில் சங்கத்தின் பேரேட்டை அச்சிட நகரக் கடைக்கே போனோம். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதங்களும் அர்த்தமற்ற எழுத்துக்களாகத் தெரிந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வழியை இரு தங்கச்சிமாருக்குக் காட்டிக் கொடுத்தேன். பழுது வந்தால் பார்க்க ஊரிலேயே ஒருவர் இல்லாவிட்டால், எந்த மென்பொருளும் மறுபடி துணிக்குள் போய்விடும்.

அக்காவின் கடன் அந்தக் கணக்கால் குறையவில்லை. எஞ்சிய தவணைகளை அவர் கட்டித்தான் முடித்தார். ஆனால், அன்று மாலை சங்கம் ஒரு தீர்மானம் எடுத்தது: இனி எந்த அங்கத்தவரும் கணனியில் கணக்குப் பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவதில்லை. அதைத் தமிழில் தட்டச்சிட்டவர், மூன்று நாட்களுக்கு முன் சுட்டியைத் தொடப் பயந்த ஒரு தங்கச்சி.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்காத கணனிகள் பல அலுவலகங்களில் மூலைக்குப் போகின்றன. சகோதரிகளே, உங்கள் அலுவலகத்திலோ பாடசாலையிலோ அப்படியொன்று கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். அதில் பார்க்க வேண்டிய கணக்கு எந்த வீட்டின் அலுமாரியில் இருக்கிறதோ, யாரறிவார்!